நேர்த்தி வைத்தது அம்மா, உருண்டது நான்

நான் குடியிருக்கும் நோர்வே நகரத்து மாடிக் கட்டடத்தில், பனி கரைந்து முடிகிற வாரம், படிக்கட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். ‘டுக்னாட்’ என்று தலைப்பு, கீழே ஒரு சனிக்கிழமையும் நேரமும். வந்த முதல் வருடம் யன்னலால் எட்டிப் பார்த்தேன். கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் முற்றத்தில் நின்றார்கள். கையில் விளக்குமாறு, மேசையில் கோப்பி, ஏதோ இனிப்புப் பண்டம். வருடம் முழுக்க முகத்தை நிமிர்த்தாத சனம் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தது. வன்னியில், உடையார்கட்டில் பிறந்த எவனுக்கும் இது என்னவென்று உடனே விளங்கும்: கோயில் காரியம். கொடியேற்றத்துக்கு முதல் வீதி கூட்டுகிறார்கள். கதவைத் தட்டிய கீழ்வீட்டு ஒட்வாரிடம், நெஞ்சை நிமிர்த்தி, என் கைவசம் இருந்த சொற்ப நோர்வீஜியச் சொற்களைத் திரட்டிச் சொன்னேன்: “மன்னிக்கவும். நான் நாத்திகன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.” ஓய்வுபெற்ற மின்சாரத் தொழிலாளியான ஒட்வார், பனிக்கு அடியில் இருந்து வெளிவந்த பழைய இலைக் குவியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இலையை நம்பத் தேவையில்லை. கூட்டினால் போதும்” என்று சொல்லி விளக்குமாற்றை என் கையில் தந்தார்.

பின்னர்தான் தெரிந்தது, டுக்னாட் என்றால் கட்டடத்தார் கூடிச் செய்யும் சிரமதானம், அவ்வளவுதான்; ஒட்வாரும் நாத்திகர். மேல்வீட்டுக்காரியும் நாத்திகர். அநேகமாகக் கட்டடமே நாத்திகம். ஆனால் ஒருவரும் அதை ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்வதில்லை. காலில் சப்பாத்துப் போட்டிருக்கிறேன் என்று யாராவது மேடையேறிச் சொல்வார்களா? எனக்கு இது பெரிய இழப்பு. ஊரில் நான் ஒரு பிரபலம். பத்தொன்பது வயதில் எங்கள் ஊருக்கு இருந்த ஒரேயொரு நாத்திகன். பிள்ளையார் கோயிலில் சிரமதானம் என்றால் ஊர்ப் பெடியளெல்லாம் மண்வெட்டியோடு போக, நான் கொள்கையோடு வீட்டில் படுத்திருப்பேன். உவர் இல்லாத தண்ணீர் அந்தக் கோயில் கிணற்றில்தான் இருந்தது. தண்ணீருக்கு மதமில்லை என்று சொல்லி நாள் தவறாமல் குடித்தேன். கிணறு இறைக்கிற நாளில் மட்டும் அந்தக் கிணற்றுக்கு எங்கிருந்தோ மதம் வந்துவிடும்.

இந்தத் திறமையை வைத்துக்கொண்டு நோர்வேயில் நம்மவர் கூட்டங்களில் நான் பேசாத பேச்சில்லை. “கடவுள் இல்லை என்றால் பழியைப் போட ஆளில்லை. ஆகவே நாத்திகன்தான் தனக்கும், குடும்பத்துக்கும், சமூகத்துக்கும் முழுப் பொறுப்பு!” கைதட்டல் விழும். பேசி முடித்துக் கதிரைகளை அடுக்குகிற நேரம் எனக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடும். சீனி வருத்தத்துக்கு டொக்டர் தந்த குளிசைகள் மேசை லாச்சிக்குள் பெட்டி உடைக்காமல் கிடக்கும். குடும்பம் என்று சொல்லப்பட்ட அம்மாவும் தங்கச்சி வசந்தியும் வன்னியில் இருப்பார்கள். போரின் கடைசி மாதங்களில் அம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, பங்கர் பங்கராகப் போய், முகாம்வரை கொண்டுவந்து சேர்த்தவள் வசந்தி. அம்மா அதற்காக இன்றும் பிள்ளையாருக்கு நன்றி சொல்கிறார். வசந்திக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. கடவுள் இல்லையென்று நிரூபித்த நானும் சொல்லவில்லை.

அந்த வசந்திதான் போன வருடம் தொலைபேசியில் வந்தாள். அம்மாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஒப்பிரேசனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். இந்தத் தடவை விட்டால் பிறகு செய்தும் பெரிதாகப் பலனில்லையாம். அம்மா போகமாட்டேன் என்கிறார். காரணம் நான். இருபது வருடத்துக்கு முன் நான் களவாக நாடு விட்டுப் போனபோது, பிள்ளை உயிரோடு கரை சேர்ந்தால் கோயில் வீதியில் பிரதட்டை பண்ணுவிப்பேன் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். ஈர வேட்டியோடு மண்ணில் படுத்துக் கோயிலைச் சுற்றி உருள வேண்டும். நேர்த்தி வைத்தவர் ஒருவர், உருள வேண்டியவர் இன்னொருவர். எங்கள் ஊர்ச் சட்டம் அப்படி. போருக்குப் பிறகு மூன்று தடவை ஊருக்குப் போனபோதும் அம்மா ஞாபகப்படுத்தினார். மூன்று தடவையும் நான் சொற்பொழிவாற்றினேன். இப்போது, அந்தக் கடன் தீராமல் கண்ணில் கத்தி படக்கூடாது என்று நிற்கிறார்.

வழமைபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். “வசந்தி, இல்லாத ஒருத்தருக்குக் குடுத்த வாக்கு எப்பிடி ஒரு மனிசனைக் கட்டுப்படுத்தும் எண்டு நீ யோசி...”

“அண்ணா” என்றாள் அவள். “உங்களுக்குக் கடவுள் இல்லை. சரி. அம்மாவுக்கு இப்ப கண்ணும் இல்லை. என்ன செய்வம், சொல்லுங்கோ.”

ஒரு பக்தனாக இருந்திருந்தால் விதி என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போயிருக்கலாம். நாத்திகனுக்கு அந்த வசதி இல்லை என்று மேடை மேடையாகச் சொன்னவனே நான்தான். அம்மா இருட்டுக்குள் போனால் அதற்குக் காரணம் விதியல்ல, என் வேட்டி நனையக்கூடாது என்ற பிடிவாதம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மேலாளரிடம் இரண்டு கிழமை லீவு கேட்டேன். “அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு முன் நான் மணலில் உருள வேண்டும்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த அம்மணி கனிவோடு கேட்டார், “முதுகு வலிக்கான சிகிச்சையா?” ஓம் என்றேன். லீவு கிடைத்தது.

ஊரில் கோயில் நிர்வாகச் செயலாளராக இருப்பவன் குகன், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“மச்சான், நீ உருளுறாய் எண்டு தெரிஞ்சா ஊரே வரும். லவுட்ஸ்பீக்கர் பூட்டட்டே?”

“வேண்டாம். ஆருக்கும் சொல்லாதை.”

“நான் சொல்லேல்லை. நேற்றே உன்ர கொம்மா படலையடியில நிண்டு போறவாற எல்லாருக்கும் சொல்லிப்போட்டா.”

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, இருபது வருடம் முன்பு நான் இறைக்க மறுத்த கிணற்றிலிருந்து குகன் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினான். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பழைய சிரமதானத்தின் பெயரைச் சொன்னான். பிறகு படுத்தேன், உருண்டேன். ஒரு சிறு பௌதிகப் பிரச்சினை. எனக்கு வயிறு அகலம், கால் ஒல்லி. கூம்பு வடிவான பொருள் நேராக உருளாது, வட்டமாகத் திரும்பும். முதல் ஐந்து உருட்டிலேயே நான் கோயிலை விட்டு விலகித் தேங்காய் உடைக்கும் கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். “தெற்காலை! தெற்காலை திருப்புங்கோ!” என்று ஊர் கத்த, குகன் என் காலைப் பிடித்து லொறிக்கு ஸ்டியரிங் திருப்புவதுபோலத் திருப்பினான். வசந்தி வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்தாள்; என் மானம் அவள் கையில் இருந்தது. நெருஞ்சி முள் முதுகில் ஏறியது. வானமும் மண்ணும் மாறி மாறி வந்தன. “பிள்ளையார் கடைசியாத் திருத்திப்போட்டார்” என்று யாரோ ஒரு மனிசி அழுவது கேட்டது. இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் பதினைந்து நிமிடத்தில் மண்ணோடு போனது.

எழும்பியபோது தலை சுற்றி விழுந்தேன். மூக்கில் கற்பூரத்தைப் பிடித்தார்கள். என் பையில் பெட்டி உடைக்காத குளிசைகளைக் கண்டிருந்த வசந்தி மட்டும் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, “கடவுளைத்தான் நம்பேல்லை, குளிசையையாவது நம்புங்கோவன் அண்ணா” என்றாள்.

வீட்டுக்கு வந்து, முதுகில் முள் எடுக்கப் படுத்தபடி, வெற்றி பெற்றவனின் குரலில் சொன்னேன். “அம்மா, கடன் முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை ஒப்பிரேசன். அதுக்கடுத்த செவ்வாய் எனக்கு பிளேன்.”

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். “நீ உருளமாட்டாய் எண்டு தெரிஞ்சுதானே அதைச் சொன்னனான்” என்றார்.

“என்ன?”

“பின்னை? ஒரு மாசம் குனியப்படாதாம். அடுப்படிக்குப் போகப்படாதாம். நாளுக்கு நாலு தரம் மருந்து விடோணுமாம். இவள் காலமை ஆறரை பஸ்ஸுக்குப் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போனா, பொழுதுபடத்தான் வாறாள். அவள் என்னைச் சுமந்தது காணும், இனியும் வேண்டாம். மருந்தை ஆர் விடுறது? பிள்ளையாரோ வந்து விடுவார்?”

எங்கள் ஊரில் இன்னொரு நாத்திகர் இருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அம்மா சுவரைப் பார்த்தபடி மெதுவாகத் தொடர்ந்தார். “நீ அங்க கிழவியளுக்குக் கண்ணுக்கு மருந்து விடுறனான் எண்டு ஒருக்காச் சொன்னனீ. எனக்கும் ஒரு மாசம் வந்து விடடா எண்டு கேக்க வெக்கமாக் கிடந்துது, தம்பி.”

வசந்தி முள் எடுப்பதை நிறுத்தினாள். உருளுவது எவ்வளவு சுலபமான காரியம் என்று அப்போதுதான் விளங்கியது. பதினைந்து நிமிடம், ஊர் பார்க்க, கற்பூரத்தோடு. பிள்ளையார் என்னை மலிவாக விட்டிருந்தார். அம்மா விடுவதாக இல்லை. மேலாளருக்குத் தொலைபேசி எடுத்து இன்னும் ஒரு மாதம் கேட்டேன். “முதுகு இன்னும் சரியாகவில்லையா?” என்றார். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. “முதுகு நல்லம். அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட வேண்டும்” என்றேன். “அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார்.

செவ்வாய்க்கிழமை வலது கண் முடிந்தது. அதன் பிறகு நாளுக்கு நாலு தரம், ஒருவரும் கைதட்டாமல், ஒரு துளி. பெயர் தெரியாத எத்தனையோ நோர்வீஜியத் தாய்மாருக்குக் குறி தவறாமல் மருந்து விட்ட கை, இந்த ஒரு கண்ணுக்கு மேலே வந்ததும் குறி தவறியது. முதல் நாள் மருந்து கன்னத்தில், இரண்டாம் நாள் மூக்கில். “அங்கத்தைக் கிழவியள் பாவங்கள்” என்றார் அம்மா. இடைநேரங்களில் சோறு காய்ச்சினேன்; அது எப்படி இருந்தது என்பதை வசந்தி நாகரிகம் கருதி இன்றுவரை சொல்லவில்லை. என் குளிசையையும் அம்மாவின் மருந்து நேரத்திலேயே போட்டேன். ஒரு ஞாயிறு குகன் வந்து கோயில் கிணறு இறைக்கிறோம் என்றான். கொள்கைரீதியாகச் சிறிது யோசித்து, மத்தியான மருந்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு போனேன்.

புறப்படுகிற நாள் காலை, அம்மா என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தினார். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, செய்த கண்ணால் மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயோ, தலை முழுக்க நரைச்சுப்போச்சு. கன்னமும் தூங்குது. ஆரோ வெளிநாட்டுக் கிழவன் மாதிரிக் கிடக்கு.”

பிறகு கையை மாற்றி, செய்த கண்ணைப் பொத்தினார். வெள்ளை படர்ந்த கண்ணால் நெடுநேரம் பார்த்தார். முகம் இளகியது.

“இதாலை பாத்தா நீ அண்டைக்குப் போகேக்கை நிண்ட மாதிரியே நிக்கிறாய்.”

“அப்ப அந்தக் கண்ணுக்கு எப்ப திகதி எடுக்கிறது?” என்று வசந்தி கேட்டாள். “அண்ணாவுக்கு லீவு சொல்லோணும்.”

“பாப்பம். என்ன அவசரம்?” என்றார் அம்மா.

விமான நிலையத்துக்குப் போக வாடகை வான் வந்தது, ஏறிவிட்டேன். ஒழுங்கை திரும்பும் இடத்தில் எட்டிப் பார்த்தபோது அம்மா படலையடியில் நின்றார். ஒரு கை முகத்தில் இருந்தது. எந்தக் கண்ணைப் பொத்தினார் என்று அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை.