மருமகளிடம் சொல்ல ஒரு வாக்கியம்

தல்லாகுளத்தில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறேன். இன்று வகுப்பில் டெலிபோன் விளையாட்டு. இருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனில் பேசுவதுபோல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

ஒத்தக்கடையிலிருந்து வரும் பாண்டியம்மா அக்கா எனக்கு ஜோடி. அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டால் தமிழ் தெரியாத மருமகள்தான் எடுக்கிறாள். என்னை அந்த மருமகளாக இருக்கச் சொன்னார்.

“ஹலோ, ஐ ஆம் குமார் மதர்.”

“ஓ, ஹவ் ஆர் யூ, அம்மா?” என்றேன் உற்சாகமாக.

அக்கா திரும்பினார். “அவ இம்புட்டெல்லாம் பேச மாட்டா டீச்சர். ‘ஹி இஸ் பிஸி’ன்னு சொல்லிட்டு வச்சிருவா. அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு படிக்கத்தான் ரெண்டு பஸ் மாறி வாரேன்.”

மறுபடி ஆரம்பித்தோம். “ஹி இஸ் பிஸி” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பி, நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். பதிலை எழுதிப்போட போர்டுக்குப் போனேன். ‘ஓகே’ என்று எழுதி, அதையும் அழித்தேன்.

“நாளைக்குச் சொல்றேன்க்கா” என்று வகுப்பை முடித்துவிட்டேன்.

பதினோரு வருடமாக இங்கிலீஷ் டீச்சராம் நான். பதில் தெரிந்தவர்கள் காலைக்குள் கீழே எழுதுங்கள். சின்ன வாக்கியமாக இருக்கட்டும். அவள் போனை வைப்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.