சண்முகவடிவுக்கு ஆட்டம் கொடுங்கள்

என் அண்ணன் பழனியாண்டியின் மகள் சண்முகவடிவு, பாவாடையில் சேற்றைப் பூசிக்கொண்டிருந்தபோது என்னிடம் பிடிபட்டாள். கொட்டகலை பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறும் வழியில், மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குனிந்து நின்றாள்.

"என்னடி செய்யிற?"

"வலைப்பந்து ஆடினேன்னு அப்பா நம்பணும் அத்தை. சுத்தமா போனா கேப்பாரு."

துரை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மலாயா, மதராஸ் என்று போய்விட்டு நான் திரும்பிய வருடம் அது, அறுபத்திரண்டு. வந்ததிலிருந்து வீட்டில் இந்தப் பந்துப் பேச்சுதான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. வந்த பிள்ளைகளெல்லாம் இறங்கி ஆடினார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் சின்ன அணியில் ஒவ்வொரு ஆட்டமும் முழுதாக ஆடினாள். இந்த வருடம் பெரிய அணிக்கு ஏற்றினார்கள். அண்ணன் கோயிலில் தேங்காய் உடைத்தார். அதன் பிறகு அவள் ஆடவே இல்லை. மற்றவர்களின் ஸ்வெட்டர்களை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆடுகிற யாருக்காவது அடிபட்டால்தான் அவளுக்கு இடம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் முழங்கால்கூடத் தேயவில்லை.

நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பஸ்ஸில் வந்த யாரோ அவள் ஆடாததை அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

"வேலை குடுக்காத எடத்துக்கு எதுக்குப் போகணும்? கொழுந்தெடுக்க ஆள் பத்தல. அடுத்த மாசம் தோட்டத்து வேலைக்கு இவ பேரப் பதிஞ்சிடுறேன்."

"அண்ணே, அவ படிக்கத்தானே போறா? ஆடாட்டி என்ன?"

"நீ கப்பலேறி சுத்தினவ, உனக்கு எல்லாம் ஒண்ணுதான். மேல ஏத்திவிட்டா வேலை கூடணுமா, கொறையணுமா? நீயே சொல்லு."

சொல்வதற்குள் தொழிற்சங்கத் தலைவர் மூக்கனைக் கூப்பிடப் போய்விட்டார். துரையிடம் பேசப் போகும்போது போடும் கறுப்புக் கோட்டோடு மூக்கன் வந்தார். மறுநாள் சண்முகவடிவோடு நாங்கள் மூவரும் பள்ளிக்கூடம் போனோம்.

அணிகளைப் பழக்குகிறவர் ரத்னா டீச்சர், கடைவீதித் துணிக்கடை வீட்டுப் பெண். மூக்கன் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நின்ன ஆளுக்கு வேலை குடுக்கணும். மழையில வேலை நின்னாலும் அரைநாள் கணக்கு, அரைப்பேர் போடணும். இந்தப் புள்ள ஒருநாள் தவறாம வருது. அரைப்பேராவது எங்கங்க?"

"இது தோட்டம் இல்லைங்க. பெரிய டீம் ஜெயிக்கிறதுக்கு. நல்லா ஆடுற ஏழு பேர்தான் எறங்குவாங்க."

"அதை இவள ஏத்தும்போதே சொன்னீங்களா?" என்று நான் கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் டீச்சர். எல்லாருக்கும் என்றால் யாருக்கு?

"அப்ப நாளைக்கு ஸ்ட்ரைக்" என்றார் மூக்கன். "எங்க தோட்டத்துப் புள்ளைங்க ஒண்ணும் வராது." எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போகிறவள் இவள் ஒருத்திதான்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "வேணும்னா சின்ன டீமுக்கே திரும்பட்டும். வயசு எடம் குடுக்குது. முழு ஆட்டமும் ஆடலாம்."

"எறக்குறீங்களா? ஆள் மேய்க்கிற கங்காணிய கொழுந்தெடுக்க அனுப்புற மாதிரி இருக்கு" என்றார் மூக்கன்.

அண்ணன் எழுந்தார். "வா புள்ள, போவோம்."

சண்முகவடிவு அசையவில்லை. "சின்ன டீம்லயே ஆடுறேன் டீச்சர்." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க வந்து பாருங்க. நான் ஆடாம நின்னா அன்னைக்கே பேரப் பதிஞ்சிடுங்க."

அண்ணன் டீச்சரிடம் "முழு ஆட்டமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முழு ஆட்டம்தான் என்று டீச்சரும் அலுக்காமல் சொன்னார். கடைசியில் அண்ணன், "சரி, படிக்கட்டும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் மூக்கன் வெற்றியை அறிவித்தார். "அரைப்பேர் கேட்டோம், முழுப்பேரா குடுத்துட்டாங்க." அண்ணன் பெருமையாகத் தலையாட்டினார்.

எனக்குப் பக்கத்தில் சண்முகவடிவு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

"படிப்பு நிக்காம காப்பாத்திட்டியே" என்றேன்.

"பெரிய டீம் சட்டைய நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும் அத்தை."

பின் சீட்டிலிருந்து மூக்கன் எட்டிப் பார்த்தார். "ஆனந்தக் கண்ணீரு" என்று அண்ணனுக்கு விளக்கினார்.