பெட்டிக்கும் ஒரு பாடு

நான் வேலை பார்க்கும் ஃபின்லாந்து ஊரில் 'அக்கா' என்று உரக்கச் சொல்லக் கூடாது. இவர்கள் மொழியில் அதற்குக் கிழவி என்று பொருள். அதிலும் மரியாதையான கிழவி இல்லை. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஆய்வுக்கூடத்துக் காபி அறையில் நின்றுகொண்டு, "அக்கா, சொல்லுக்கா, கேக்குதாக்கா" என்று காலை வேளைகளில் போனில் கத்திக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் அவரவர் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். இங்கே யாரும் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பல மாதங்கள் கழித்து ஒருத்தி ரொம்பத் தயங்கி, "உனக்கு யாரோடாவது பகையா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அக்கா கூப்பிட்டால் வெளியே பனியில் போய் நிற்கிறேன். கூடப் பிறந்தவளோடு பேசக் கையுறை மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அக்கா பழவேற்காடு ஏரியில் கையால் எறா, அதாவது இறால், பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடி நகர வேண்டும். விரலில் எறா தட்டுப்பட்டதும் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தாள். பள்ளி விடுமுறைகளில் நானும் போயிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பொன்னேரியில் கல்லூரிக்குச் சேர்ந்தபோது, இனி சேற்றில் கை வைக்க வேண்டியதில்லை என்கிற சந்தோஷம்தான் முதலில் வந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரை நினைத்து உருகுகிற கட்டுரையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்கா ஒரு புதுப் பேச்சை ஆரம்பித்தாள். "தண்ணி எரியுதுடி. எல்லா நாளும் இல்ல, செல நாளு. தெக்கால போனா கை கொப்புளிச்சிப் போவுது. எறாவும் செத்து மெதக்குது." அவளும் கூடப் போகிற பெண்களும் பொன்னேரிக்குப் போய் ஓர் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. உட்கார வைத்துத்தான் பேசியிருக்கிறார். எந்த நாள், எந்த இடம், தண்ணீரில் என்ன, எவ்வளவு, யாருக்கு என்ன பாதிப்பு, இதெல்லாம் தாளில் இருந்தால்தான் மேலே அனுப்ப முடியும் என்றாராம். அக்கா எனக்குப் போன் செய்தாள். "நீ அதானே படிச்ச? ஒரு தாளு எழுதிக் குடு."

உண்மைதான், நான் அதைத்தான் படித்தேன். தண்ணீரில் மிதக்கும் பெட்டிகள் அனுப்புகிற எண்களைப் படிக்கும் கணினி நிரலை எழுதுவது என் வேலை. தண்ணீரின் சூடு, உப்பு, புளிப்பு, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எல்லாவற்றையும் பெட்டி அளந்து அனுப்பும். வழக்கத்துக்கு மாறான எண் வந்தால் கோளாறு தண்ணீரிலா, கருவியிலா என்று நிரல் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிப்பில்தான் எல்லாச் சங்கடமும். இங்குள்ள ஏரிகளில் அது அழகாக வேலை செய்கிறது. இங்கே தண்ணீரில் எது மிதந்தாலும் யாரும் தொடுவதில்லை. 'ஆய்வுக்கானது' என்று ஒரு வரி ஒட்டியிருந்தால், குளித்துக்கொண்டிருப்பவர்கள்கூட நீந்தி விலகிப் போகிறார்கள்.

எங்கள் திட்டத்துக்கு வெப்பநாட்டு ஏரி ஒன்று தேவைப்பட்டபோது, பழவேற்காட்டைச் சேர்க்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றேன். சேர்த்தார்கள். ஒரே ஒரு பெட்டி கொடுத்தார்கள். லீவு போட்டு ஊருக்குப் போய், மீனவக் குப்பம் ஒன்றின் எதிரே, ஆழமில்லாத இடத்தில், சவுக்குக் கம்பம் நட்டுப் பெட்டியைக் கட்டினேன். அந்தக் குப்பத்துத் தேசப்பன் அண்ணன் வாரம் ஒருமுறை பாசி துடைப்பதாக ஒப்புக்கொண்டார். படிவத்தில் 'கருவி இடம் மாறக்கூடியதா?' என்றொரு கேள்வி இருந்தது. மாறும் என்றால் இடம் காட்டும் கருவியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நட்ட கம்பம் எங்கே போகும்? 'மாறாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எண்கள் வரத் தொடங்கின. சில நாள் ஒழுங்காக வரும். திடீரென்று ஒரு நாள் உப்பும் சூடும் குதிக்கும், ஆக்சிஜன் பாதாளத்துக்குப் போகும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஒழுங்காகிவிடும். என் நிரல், நானே எழுதிய நிரல், அந்த மோசமான நாட்களை எல்லாம் 'கருவிக் கோளாறு' என்று முத்திரை குத்தித் தூக்கிப் போட்டது. தண்ணீர் இப்படி ஒரு மணி நேரத்தில் மாறாது, கருவிதான் கெட்டிருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். எங்கள் குழுத் தலைவர் பெக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் அமைதியாகத் திரையைப் பார்ப்பார். கடலோடு சேர்ந்த ஏரி, கடல்நீர் வரும் போகும் என்று நான் மூச்சுவிடாமல் பேசுவேன். அவர் யோசித்துவிட்டு, "கடலுக்கு உன் ஏரியில் நேர அட்டவணை இருக்கிறதா?" என்பார். கிண்டலா கேள்வியா என்று அந்த முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். இவர்களோ "சரி, பார்ப்போம்" என்று எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொள்வார்கள். வசந்தத்துக்குள் சரியாகாவிட்டால் பழவேற்காட்டைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதாக மின்னஞ்சல் வந்தது. நீக்கினால் அக்காவுக்குத் தாள் கிடைக்காது.

எரிச்சலில் தேசப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே பத்துத் தடவை சொன்னதையே சொன்னார்.

"பொட்டி நல்லாக்கீதும்மா. வாராவாரம் தொடைக்கறேன். பாசி ஒட்டவே வுடறதில்ல."

"கம்பம் சாஞ்சிருக்காண்ணா? ஆடுதா?"

"அதெல்லாம் இல்ல. எடம் மாத்தும்போதெல்லாம் நல்லா அழுத்தித்தான் நடறோம்."

"எடம் மாத்தும்போதா?"

"பாடு மாறும்போது பொட்டியும் மாறும்ல?" அவர் குரலில் இருந்தது ஆச்சரியம். இதுகூடத் தெரியாதா என்கிற ஆச்சரியம்.

பாடு என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் சிலவே உண்டு. குப்பங்கள் அவற்றை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். இன்று உனக்குத் தெற்கு இடம் என்றால் நாளை எனக்கு. அந்த இடமும் பாடு, அந்த முறையும் பாடு. கையால் பிடிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதில் பங்கில்லை. எங்களுக்குப் படுகிற பாடு மட்டும்தான். அதனால்தான் எனக்கு அது தோன்றவே இல்லையோ என்னவோ.

"யாருண்ணா மாத்தச் சொன்னது?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கற? ஒரே எடத்துல வெச்சா எங்க குப்பத்துத் தண்ணிய மட்டும் பாத்த மாதிரி ஆவாது? மத்த ரெண்டு குப்பத்துக்காரன் சும்மா இருப்பானா? பஞ்சாயத்துல ஒக்காந்து பேசி பொட்டிக்கும் பாடு போட்டுட்டோம். மூணு எடமும் மொறையா சுத்தி வருது. ஒருநாளு தவறல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"நீ பொட்டி நல்லாக்கீதான்னு கேட்ட. நல்லாக்கீதுன்னு சொன்னேன். நீ வெச்ச பொருளு, ஊருல சண்ட வரக் கூடாதுன்னு பாத்துக்கினோம். அதுவும் தப்பா?"

தலையில் அடித்துக்கொண்டேன். பனியில் நின்றுகொண்டு வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஓர் ஆய்வுக் கருவிக்கு நீதி நியாயம் பார்த்து முறை வைத்திருப்பார்களா? திருடு போயிருந்தால்கூட நிரல் கண்டுபிடித்திருக்கும். நேர்மையை அதற்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என்னைக்கு எங்க இருந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களாண்ணா?"

"பாடு நோட்டுல எழுதாம எப்பிடிம்மா? வெட்டிக்கினு செத்துருவானுங்க."

நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். நாள், பாடு, வலை கட்டியவர் பெயர், ஓரத்தில் 'பொட்டி' என்று ஒரு சொல். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் உண்மையான இடத்தைக் கொடுத்து நிரலை மறுபடி ஓட்டியபோது எந்தக் கோளாறும் இல்லை. நிரல் தூக்கிப் போட்ட நாட்கள் அத்தனையும் பெட்டி தெற்கு இடத்தில் இருந்த நாட்கள். கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது, தண்ணீர்தான் கெட்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது. கை எரிந்து தண்ணீரில் இறங்க முடியாத நாட்களில் எல்லாம் அக்கா எனக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவாகப் புலம்பி அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது. அவற்றையும் பக்கத்தில் வைத்தேன். பெட்டி தெற்கில் இருந்து எண்கள் மோசமான நாட்களில், ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவள் அழுதிருந்தாள். அவள் புலம்பல்களைப் பாதி கேட்டுவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைத்தவள் நான். அன்று எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

நான் மொழிபெயர்த்துக் கொடுத்த பாடு நோட்டைப் பெக்கா ஒரு மணி நேரம் பார்த்தார். "இது நம்முடையதை விட ஒழுங்கான பதிவு" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். பிறகு நான் ஆங்கில எழுத்தில் பெயரிட்டிருந்த கோப்புகளைப் புரட்டி ஓர் இடத்தில் நின்றார். முகம் சிவந்தது.

"ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குரல் பதிவுகளுக்கு நீ 'அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறாய். ஆய்வில் பங்கெடுக்கும் பெண்ணை அப்படி எழுதக் கூடாது. அவர் வயதானவராக இருந்தாலும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அது உங்கள் ஊர்க் கிழவி இல்லை. எங்கள் மொழியில் கூடப் பிறந்தவள். அவள் என் அக்கா."

அவர் காபியைக் கீழே வைத்தார். அதன் அர்த்தம் எனக்குப் புரிய ஆரம்பித்தபோது வாயை விட்டு வார்த்தை போய்விட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் சொந்த அக்கா என்றால், கணக்கை நான் செய்யக் கூடாது. அதுதான் விதி. விதியைப் பெக்கா மென்மையாகத்தான் விளக்கினார். அக்காவின் குரல் பதிவுகளை நீக்கலாம். அல்லது அறிக்கையிலிருந்து என்னை நீக்கி, வேறொருவரை வைத்து மொத்தக் கணக்கையும் திரும்பச் செய்யலாம். குரல் பதிவுகள் இல்லாவிட்டால், தண்ணீர் கெட்டது என்று மட்டும் இருக்கும். யார் கை வெந்தது என்று இருக்காது. பொன்னேரிக்கு இரண்டும் வேண்டும். நான் என் பெயரை எடுக்கச் சொன்னேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மூன்று வருட வேலை போனதில் வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

அறிக்கை வந்தது. மொழிபெயர்ப்பை மட்டும் என்னிடம் விட்டார்கள். கெட்ட தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லவில்லை. எந்த நாள், எந்த இடம், எவ்வளவு, யார் கை வெந்தது என்று சொன்னது. பின்னால் ஒரு பட்டியல்: 'இந்த ஏரியைப் பயன்படுத்தும் மக்கள்'. ஒரு வீம்பில் என் பெயரையும் அதில் சேர்க்கச் சொன்னேன். அந்தச் சேற்றில் நானும் கை விட்டிருக்கிறேன் அல்லவா? ஆய்வாளர் பட்டியலில் இல்லாவிட்டால் இதிலாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். பெக்கா மறுக்கவில்லை. தமிழ்ப் பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். அவளும் மற்றப் பெண்களும் மனுவோடு சேர்த்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனார்கள்.

அன்று அவள் கூப்பிட்டபோது காபி அறையிலேயே எடுத்துவிட்டேன். யார் என்ன நினைத்தால் என்ன?

"வாங்கிக்கினாங்கடி. சீலு வெச்சிக் குடுத்துட்டாங்க. மேல அனுப்பறேன், வந்து பாப்பாங்கன்னு அந்த ஆபீசரே சொல்லிட்டாரு" என்றாள். குரல் துள்ளியது. பிறகு தயங்கினாள். "ஒண்ணு மட்டும் ஆயிப்போச்சி. எல்லார் பேரையும் ரேஷன் கார்டோட வெச்சிப் பாத்தாரு. உன்னுது இல்ல. எங்கூடப் பொறந்தவ சார், அவதான் இந்தத் தாள எழுதுனான்னு சொன்னேன். எழுதுனவங்க பேரு முன்னால கீதே, அதுலயும் இவங்க இல்லியேன்னாரு. நான் இன்னாடி சொல்லுவேன்? இங்க இருக்கறவங்க மட்டுந்தான்னு அடிச்சிட்டாரு."

"பரவால்லக்கா."

"கோச்சிக்காத."

கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் அனுப்பிய பட்டியலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்காவின் பெயருக்கும் தேசப்பன் அண்ணன் பெயருக்கும் நடுவில் என் பெயர். அதன்மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு. அடித்த பிறகும் படிக்க முடிந்தது.