தலைப்பலகையின் பின்பக்கம்

அந்த லாட்ஜில் அவளை எல்லோரும் டார்ச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எப்போது பார்த்தாலும் இடுப்பில் ஒரு சின்ன டார்ச் விளக்கைச் செருகியிருப்பாள். கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றுகிற வேலைக்கு டார்ச் எதற்கு என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதம் போனால் அவர்களே அவளைத் தேடி வந்து, முந்நூற்று ஆறாம் அறையைக் கொஞ்சம் பாருங்களேன் என்று காதோடு சொல்வார்கள். காதோடு சொல்லக் காரணம் இருந்தது. மூட்டைப்பூச்சி என்ற சொல் அந்த நடைபாதையில் யார் வாயிலிருந்தாவது வந்துவிட்டால் அன்றோடு அவர்களுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும்.

மேல்விரிப்பைப் புரட்டி அவள் நேரத்தை வீணாக்க மாட்டாள். நேராக மெத்தையின் ஓரத் தையலை விரலால் விலக்கி டார்ச் அடிப்பாள். பேனா மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளி, உரித்துப் போட்ட தோல், கசகசா அளவில் வெள்ளை முட்டை, இந்த மூன்றும் இருந்தால் பூச்சி அங்கே குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம். பூச்சி மட்டும் நடமாடி மற்றவை இல்லையென்றால், அது வேறெங்கோ பிறந்து நேற்று இங்கே வந்து ஏறியது. பத்தொன்பது வருஷத்தில் இது அவளுக்குத் தப்பியதே இல்லை.

இவ்வளவு கெட்டிக்காரிக்குச் சொந்தமாக ஒரு கூரை கிடையாது. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டில் ஓர் ஒண்டு அறையில் இருந்தாள். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் தம்பி மேற்பார்வையாளன். சின்ன வயதில் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது இவள்தான். மடியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்ததில், இவளுடைய கையெழுத்து அப்படியே அவனுக்கு வந்துவிட்டது. இரண்டு பேருமே 'ழ' எழுதினால் அதன் வாலை அடுத்த வரிவரை இழுத்து ஒரு சுழி சுழிப்பார்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் மளிகைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தம்பி மனைவி, அக்காவும் தம்பியும் ஒரே பேனாவிலிருந்து பிறந்தவர்களா என்று கிண்டல் செய்வாள். அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

அந்த வருஷம் தம்பி ஒரு தேக்குக் கட்டில் வாங்கிப் போட்டான். தலைமாட்டில் பூ வேலைப்பாடு செய்த பெரிய பலகை. பெரிய கடையில் வாங்கினது என்று அவன் சொல்ல, தம்பி மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து காட்டினாள். புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் கழற்றவில்லை. படுத்தால் சரசரவென்று சத்தம் வந்தது. வந்தால் வரட்டும், புதுசு என்று தெரிய வேண்டாமா?

மூன்று மாதம் கழித்துத் தம்பி மனைவியின் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு எழும்பியது. கொசு என்று நினைத்தவள், பூச்சி மருந்து டப்பாவை எடுத்து ஒரு வாரம் கட்டிலுக்கடியில் பீய்ச்சு பீய்ச்சென்று பீய்ச்சினாள். அவள் செய்த பெரிய தப்பு அதுதான். அந்த மருந்துக்கு மூட்டைப்பூச்சி சாகாது, சிதறும். சுவர் வெடிப்பில் புகுந்து அடுத்த அறைக்கு நடையைக் கட்டிவிடும். அடுத்த அறை அக்காவுடையது. எட்டாம் நாள் துணி துவைக்க எடுக்கப்போன தம்பி மனைவி, அக்காவின் தலையணை உறையில் ஒன்று ஊர்வதைப் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? லாட்ஜிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்து வீட்டையே நாசம் செய்துவிட்டாள் என்று ஆரம்பித்தாள். வேலைக்கு உடுத்தும் துணியை லாட்ஜிலேயே கழற்றிக் கொதிநீரில் போட்டுவிட்டுத்தான் வருகிறேன், கைப்பையைக்கூட வெள்ளைத் தரையில் உதறிப் பார்க்காமல் படியிறங்குவதில்லை என்று அக்கா எடுத்துச் சொன்னாள். சுவருக்குச் சொல்லியிருந்தால் அதாவது கேட்டிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு அந்த வேலைய விட்டுடு. இல்லேன்னா..." என்றான்.

இல்லேன்னாவுக்குப் பின்னால் இருந்தது அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த வேலையும் இந்த அறையும் தவிர அவளுக்கென்று உலகத்தில் வேறு ஒன்றுமில்லை. ஒன்றைப் பிடித்துக்கொள்ள மற்றதை விடச் சொல்கிறான். நாளைக்கு லீவு போடுகிறேன், எங்கேயிருந்து வந்தது என்று நானே கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்றாள்.

மறுநாள் காலை தம்பி மனைவி கடைக்குக் கிளம்பியதும் அக்கா டார்ச்சை எடுத்தாள். முதலில் தன் மெத்தை. நாலைந்து குஞ்சுகள் இருந்தன. புள்ளியில்லை, தோலில்லை, முட்டையில்லை. நேற்று வந்தவை. சுவர் வெடிப்பில் ஒளியை அடித்தால் அங்கே ஒன்று தம்பியின் அறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. தம்பியைக் கூட வைத்துக்கொண்டே அந்த அறைக்குப் போனாள். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை சுத்தம். தலைமாட்டருகே குனிந்தபோது அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை. கட்டிலை இழுத்துப்போட்டு, தலைப்பலகையின் நாலு திருகாணியையும் கழற்றிப் பலகையைத் திருப்பினாள்.

திருகாணி ஓட்டைகளைச் சுற்றி மை கொட்டின மாதிரி கறுப்பு. அடை அடையாகத் தோல். முட்டைகளுக்குக் கணக்கே இல்லை. மூன்று மாதத்தில் சேர்ந்தது அல்ல அது, பல வருஷத்துக் குடித்தனம். பலகையின் நடுவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'பழையது. தூக்கிப் போடவும்.' ழ-வின் வால் அடுத்த வரிவரை போய்ச் சுழித்திருந்தது.

தம்பி எட்டி வாசலைப் பார்த்துக்கொண்டான். வெளிநாடு போன ஒரு குடும்பம் வேண்டாமென்று கழித்துக் கட்டிய கட்டில், நல்ல தேக்காயிற்றே என்று தூக்கிப் போட மனசு வரவில்லை, குப்பைக்கென்று நானே சீட்டு எழுதி ஒட்டினதை வீட்டுக்குத் திருப்பிவிட்டேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

"கடையில வாங்கினதா அவகிட்ட சொல்லிட்டேன்க்கா. அவளும் ஊர் பூரா காட்டிட்டா. இப்பத் தெரிஞ்சா என்னைய ஒரு மனுஷனா மதிக்க மாட்டா."

"அப்ப என்னைய?"

"நீ என் அக்காதானே. உன் மேலயே இருந்துட்டுப் போகட்டுமே. உன்னை இந்த வீட்டை விட்டு யாரும் அனுப்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பலகையை மாட்டித் திருகாணிகளை முடுக்கினாள். பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழிலே கதியென்று கிடந்தவள், கூட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் மூடி வைத்தாள். லாட்ஜ் முதலாளியே காலில் விழுந்திருந்தாலும் இதைச் செய்திருக்க மாட்டாள். தம்பி என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

எங்கேயிருந்து வந்ததாம் என்று தம்பி மனைவி கேட்டதற்கு, என்னிடமிருந்துதான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அடுத்த மூன்று வாரம் வேலைக்குப் போய் வந்த கையோடு வீட்டிலும் மாடாக உழைத்தாள். வீட்டுத் துணியெல்லாம் கொதிநீரில் முக்கி, சூடாக இஸ்திரி போட்டாள். லாட்ஜிலிருந்து நீராவி இயந்திரத்தை இரவல் வாங்கி மூலை முடுக்கெல்லாம் அடித்தாள். வெடிப்புகளை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தாள். அந்த ஒரு கட்டிலை மட்டும் தொட முடியவில்லை. நீராவி பட்டால் பாலிஷ் போய்விடும், லாட்ஜ் கையோடு என் அறைக்குள் வர வேண்டாம் என்று தம்பி மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அக்கா தம்பியிடம் கண்ணைக் காட்டிக் கெஞ்சினாள். அப்புறம் பார்க்கலாம் என்று அவன் நழுவிவிட்டான்.

கூடு இருக்கும்போது தடிப்பு எப்படி நிற்கும்? நாலாவது வாரம் மறுபடி எழும்பியது. அன்று அக்காவின் மெத்தை தெருவுக்குப் போனது, பின்னாலேயே பெட்டியும் போனது. பொறுப்பு என்று சொன்ன தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் லாட்ஜுக்கு நடந்தாள்.

லாட்ஜின் மொட்டை மாடியில் வேலைக்காரப் பெண்கள் நாலு பேர் தங்கும் அறையில் ஓர் இடம் கொடுத்தார்கள். உள்ளே விடுவதற்கு முன் அவளுடைய போர்வையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நாலு பேரும் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவளே இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள். சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"அண்ணி, உங்க சாமான் எதையாவது இங்க விட்டுட்டுப் போயிட்டீங்களா? பூச்சி இன்னும் போகலையே."

அந்தக் கேள்விதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலின் தலைப்பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பார் என்றாள். ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், படித்துவிட்டு உன் புருஷனிடம் கேள் என்றும் சொல்லிப் போனை வைத்தாள். தம்பி வந்து பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவான் என்றுகூட அன்றைக்கு ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

மறுநாள் மறுபடி போன் வந்தது.

"அந்தச் சீட்ட நீங்கதான் எழுதி ஒட்டினீங்கன்னு உங்க தம்பியே சொல்லிட்டாரு. மளிகைச் சீட்டோட வச்சுப் பார்த்தேன், அதே வால். கழட்டி ஒட்டினதோட, பூச்சியையும் உள்ள விட்டுட்டுப் போயிருக்கீங்க. கூடப்பொறந்தவன் குடும்பத்தைப் பிரிக்க இப்படியா அண்ணி பண்ணுவீங்க?"

ஒரே பேனா என்று கிண்டல் செய்தவள் அதை மறந்துபோயிருந்தாள். மறந்துபோவது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காரு."

"அவன்கிட்ட குடும்மா."

தம்பி மனைவி போனைப் பொத்திக்கொண்டு அவனிடம் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "உங்ககூடப் பேச மாட்டாராம்" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் முந்நூற்று ஆறாம் அறையை முடித்துவிட்டு, கதவருகே தொங்கும் நோட்டில் 'அறை கழுவியாச்சு' என்று எழுதினாள். ழ-வின் வால் வழக்கம்போல அடுத்த வரிவரை போய்ச் சுழித்துக்கொண்டது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தபோது நாலு வயது. வால் சரியாக வரவில்லை என்று அழுதான். வரும்வரை இவள் அவன் கையை விடவே இல்லை.