கொளுக்கி வெளியே

வாத்துக் கூட்டுக்குள் ஓர் இரவு முழுவதும் அடைபட்டுக் கிடந்தவள் நான். சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு வராது. இது என் வீட்டு வளவில், எனக்கே நடந்தது. என் கணவர் சாமித்தம்பி சாட்சி. இதை எழுதும்போது பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எழுப்பிக் கேட்டால், "விடு கா அந்தக் கதைய" என்பார். ஆனால் நடக்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாரிக்காலம். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், தண்ணீர் ஓரமாக எங்கள் வீடு. இரவில் யார் வருவார்கள், எந்தப் பக்கத்தால் வருவார்கள் என்று சொல்ல முடியாத காலம் அது. வந்தால் ஆண்களைக் கொண்டுபோவார்கள். போனவர்கள் திரும்பி வந்ததை நான் காணவில்லை. முன்பெல்லாம் ஆள் நடமாட்டத்தை நாய் குரைத்துச் சொல்லும். அது வருகிறவர்களுக்குப் பிடிக்குமா? ஊர் நாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

அதனால்தான் வாத்து வாங்கினோம். வயலில் மேய்கிற சின்னத் தாரா அல்ல. கழுத்து நீண்ட, அந்நிய ஆளைக் கண்டால் சீறிக்கொண்டு ஓடி வருகிற பெரிய வெள்ளை வாத்து. இரவில் ஒரு காலடி கேட்டாலும் ஊரையே எழுப்பிவிடும். வாத்துக் கத்தினால் சாமித்தம்பி பின்கதவால் இறங்கி, வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் ஓடிவிட வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. பாவம், நரிக்கெல்லாம் ஓடியிருக்கிறார். ஒருநாள் விடியற்காலையில் என் அம்மா வந்ததற்கும் ஓடினார். அம்மா அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

வாத்துகளை விற்றவர் ஆரையம்பதியைச் சேர்ந்த ஆச்சிப்பிள்ளை என்ற விதவை. கூட்டையும் சேர்த்தே தந்தார்.

"இதையும் கொண்டு போ பிள்ள. வேற கூட்டில அதுகள் ஏறா" என்றார்.

பலகைக் கூடு. நாலு காலில் நிற்கும். தகரக் கூரை. உள்ளே ஓர் ஆள் குந்தியிருக்கலாம், நீட்டிப் படுக்கலாம். கதவுக்கு வெளிப்பக்கம் ஓர் இரும்புக் கொளுக்கி. இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, அதை வாவிக்கு இக்கரை கொண்டுவந்தோம்.

வந்த நாளிலிருந்தே ஒன்றைக் கவனித்தேன். வாத்துகள் எல்லாம் கதவுப் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துப் படுக்கும். பின்பலகை ஓரம் நீளமாக ஓர் இடம் எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். மழைக் குளிரிலும் அங்கே ஒரு வாத்தும் போகாது.

"அது அதுகள்ற சாமியறை போல" என்று சாமித்தம்பி பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

மார்கழியில் வயல் வட்டையெல்லாம் வெள்ளம். வயல்வெளியில் திரிந்த நரிகள் மேட்டு நிலம் தேடி வளவுகளுக்குள் வந்துவிட்டன. எங்களிடம் இரண்டு வாத்துகள் போயின. மிச்சமும் போனால் சாமித்தம்பியை எழுப்ப யார் இருக்கிறார்கள்? எனக்கு அதே நினைவுதான்.

அன்று பொழுது பட்ட பிறகுதான் பார்த்தோம். கூட்டின் பின்பலகை ஒன்று ஆணி கழன்று தொங்கியது. நரித் தலை நுழைகிற அளவு ஓட்டை. இருட்டிய பிறகு சுத்தியல் எடுக்க முடியாது. அடிக்கிற சத்தம் தண்ணீரைத் தாண்டி எதிர்க்கரை இராணுவ முகாமுக்குக் கேட்கும். அங்கிருந்து வேறு சத்தம் வரும்.

"நான் உள்ளுக்குப் படுக்கிறன்" என்றார் அவர்.

"ஆக்கள் வந்தா கூட்டுக்குள்ள இருந்து எங்க ஓடுவீங்க? நான் படுக்கிறன்."

பழைய சாக்கைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தேன். உள்ளே தவழ்ந்துபோய், அந்தப் பலகைக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தேன். காற்றுக்குக் கதவு ஆடாமல் இருக்க, சாமித்தம்பி வெளியே கொளுக்கியைப் போட்டார்.

"விடியத் திறந்து விர்றன்" என்றார். அவருடைய காலடி சேற்றில் சளக் சளக் என்று வீட்டுப் பக்கம் போனது.

வாத்துகள் விட்டுவைத்த இடத்தில்தான் நான் படுத்திருந்தேன். ஈரமே இல்லை. இன்னும் சொன்னால், இளஞ்சூடாக இருந்தது. சற்று முன்புவரை யாரோ படுத்திருந்த பாய் மாதிரி. வாத்தின் சூடாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதேகால். வீட்டுக்குள் சாமித்தம்பி காதோடு வைத்துக் கேட்கிற ரேடியோவின் செய்தி மெல்லக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் தடதடவென்று ஒரே இரைச்சல்.

அப்போதுதான் நரி வந்தது. முதுகுக்குப் பின்னால் சாக்கை மூக்கால் முட்டியது. வாத்துகள் கத்தவில்லை. நரி வந்து வாத்துக் கத்தாமல் இருந்தது அன்றுதான். நான் பலகையில் கையை ஊன்றினேன். விரல்களுக்குக் கீழே வரி வரியாகப் பிறாண்டிய தடம்...

நரி இன்னும் ஒருமுறை மோந்தது. பிறகு அடி வாங்கிய குட்டி மாதிரி ஒரு சத்தம். விழுந்தடித்து ஓடிவிட்டது.

எதற்குப் பயந்து ஓடியது?

"குர்ர்... குர்ர்..." வாத்துகள் மெல்ல முனகத் தொடங்கின. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தவிடு கொண்டு போகும்போது எழுப்புகிற சத்தம். பழகிய ஆளுக்கு மட்டும் எழுப்புகிற சத்தம்.

"இஞ்சாருங்க... நீங்களா?" மெதுவாகக் கேட்டேன்.

எதிர்க்கரையில் வானத்தை வெளிச்சமாக்குகிற பரா லைட் அடித்தார்கள். பலகை இடுக்கெல்லாம் வெளிச்சம். அத்தனை வாத்துகளும் கழுத்தை நீட்டி என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. என்னைத்தான் பார்க்கின்றன என்று நினைத்தேன்.

வெளிச்சம் அணைந்தது.

வாத்துக்குப் பழகிய யாரோ ஒருவன் வந்திருக்கிறான். அவை கத்தமாட்டா. சாமித்தம்பி எழும்ப மாட்டார். கிட்ட இருந்த வாத்தின் இறகைப் பிடித்து இழுத்தேன். கத்து, கத்து என்று நெருக்கினேன். அது கத்தவில்லை. குர்ர் என்றது.

நான் கத்தலாம். ஆனால் நான் கத்தினால் அவர் ஓடமாட்டார். என்னிடம்தான் வருவார்.

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அம்மா..."

ஆண் குரல். இளம் குரல்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"அம்மா... கதவத் திற."

தகரத்தில் அத்தனை மழை. ஆனாலும் அவன் குரலை உயர்த்தவே இல்லை. காதுக்குள் சொன்னது போல் கேட்டது.

"அம்மா..."

எனக்கு அழுகை வந்தது. பயமா, பாவமா... தெரியவில்லை. என்னை அறியாமலே வாய் பேசிவிட்டது.

"கொளுக்கி வெளிய தம்பி. எனக்கு ஏலா."



மழைகூட நின்ற மாதிரி இருந்தது.

பிறகு...

"தெரியும்."

என் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

விடிந்ததும் சாமித்தம்பி கொளுக்கியைக் கழற்றினார். நான் வெளியே உருண்டு விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"ராவு ஆரோட பறைஞ்ச? 'எனக்கு ஏலா' எண்டாய்" என்றார்.

அவர் பலகையை அடிக்கக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"நரி உள்ளுக்க இருந்தா பிறாண்டும்?"

தடங்கள் எல்லாம் பலகையின் உள்பக்கம் இருந்தன. விரல் இடைவெளிக்கு, வரிசையாக.

மழை விட்டுத் தோணி ஓடத் தொடங்கிய அன்றே ஆரையம்பதிக்குப் போனேன். ஆச்சிப்பிள்ளையிடம் நான் குரலைப் பற்றிச் சொல்லவே இல்லை. கூட்டில் பலகை கழன்றுவிட்டது, ராவு நான் உள்ளே படுத்தேன் என்றுதான் தொடங்கினேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"திறக்கச் சொல்லிக் கேட்டவனா?" என்றார்.

"ஆரு?"

"தங்கராசா. என்ட மகன்."

காலில் வெடிபட்டு ஓடி வந்தானாம். தேடிக்கொண்டு பின்னாலேயே வந்தார்களாம். இவர்தான் அவனை வாத்துக் கூட்டுக்குள், பின்பலகை ஓரமாகப் படுக்கவைத்தார். வாத்துகளைக் கதவுப் பக்கம் விட்டார். உள்ளே ஆள் இருப்பதாக யாரும் நினைக்கக்கூடாது என்று வெளியே கொளுக்கியைப் போட்டார். மருந்து தேடித் தெருவுக்கு இறங்கியவரை ஊர்ச் சனத்தோடு சேர்த்து ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டார்கள். விட்டது மூன்றாம் நாள்.

"வந்து திறந்தன். வாத்தெல்லாம் அவனச் சுத்திப் படுத்துக் கிடந்திச்சு. உடம்பு ஆறல்ல, பிள்ள. அதுகள் சூடு குடுத்திட்டே இருந்திருக்கு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொளுக்கி போட்டது நான்தான். அது அவனுக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாமித்தம்பியிடம் சொன்னேன். கூட்டை எரிக்க முடியாது. வேறு கூட்டில் வாத்து ஏறாது. வாத்து இல்லாவிட்டால் இவரை யார் காப்பாற்றுவது? அவர் எழும்பிக் கூட்டடிக்குப் போனார். கொளுக்கியைக் கழற்றி வாவிக்குள் எறிந்தார். கதவைக் கயிற்றால் இலேசாகக் கட்டினார்.

அன்று பொழுது பட்டதும் போய்ப் பார்த்தேன். வாத்துகள் கூடு முழுவதும் பரந்து படுத்திருந்தன. பின்பலகை ஓரத்திலும். எனக்குப் பெரிய ஆறுதல். போய்விட்டான், பாவம் என்று கும்பிட்டேன்.

வீட்டுக்குள் வந்தேன். சாமித்தம்பி நித்திரை. அவருக்குப் பக்கத்தில் என் பாய் விரித்துக் கிடந்தது. காலையில் நான் சுருட்டி வைத்த பாய். அவர்தான் விரித்திருப்பார் என்று நினைத்தேன்.

வெளியே வாத்துகள் மெல்ல முனகின.

"குர்ர்... குர்ர்..."

பாயில் கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.