வாயில்லாத போன்

தேனியில் நான் வழக்கமாகப் போகும் செல்போன் கடையில் கேமராவைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இரண்டு சிம் வேண்டும். மலையேறினால் கேரளத்து டவர்தான் கிடைக்கும். தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர்களுக்கு இரவு வரை சார்ஜ் நிற்க வேண்டும். ஏலக்காய் வியாபாரிகளின் கேள்வி வேறு. "இது பேசுமா, பேசாதா?"

மேலே இருக்கும் தோட்டக்காரருக்கும் கீழே இருக்கும் வியாபாரிக்கும் இடையில் விலை போனில்தான் முடிகிறது. சரக்கு இறங்கும்வரை அந்தப் பேச்சுதான் அத்தாட்சி. ஆகவே இருவர் போனும் எல்லா அழைப்பையும் தானாகப் பதிந்துகொள்ளும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் புதிதாக வந்த சில ஆண்ட்ராய்டு போன்களில், அழைப்பு பதிவாகிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிடும். கடைக்காரர் அவற்றுக்கு வாயுள்ள போன் என்று பெயர் வைத்திருந்தார். "ஏலக்கா யாவாரமா? அப்ப இது ஆகாதுண்ணே. ஊரக் கூட்டிரும்" என்று பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைப்பார்.

என் பழைய போன் உடைந்தபோது என்னையும் எச்சரித்தார். நான் வியாபாரி இல்லையே என்று வாயுள்ள போனையே வாங்கினேன். பத்திரிகை வேலையில், நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவேயில்லை என்பவர்கள் உண்டு. அறிவித்துவிட்டுப் பதிவது நேர்மையாகவும் பட்டது. எல்லா அழைப்புகளும் பதிவாகட்டும் என்று ஒரே அமைப்பாக வைத்தேன். அண்ணனை நினைக்கவில்லை.

அண்ணன் தேவாரத்தில் ஏலக்காய் வாங்கி விற்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சாயங்காலம் கடை சாத்துமுன் தினமும் கூப்பிடுவார். சொல்வதற்கு விஷயம் இருக்காது. எதிர்க்கடைக்காரரின் பல்செட் தொலைந்தது, பஸ்ஸில் யாரோ விட்டுப்போன சேவலை நடத்துநர் வைத்துக்கொண்டு அல்லாடியது, மதினி வைத்த கருவாட்டுக் குழம்பு. இருபது நிமிடம் போகும். என் பழைய போன் அதையெல்லாம் சத்தமில்லாமல் பதிந்துகொண்டுதான் இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று சனிக்கிழமைதோறும் மொத்தமாக அழித்துவிடுவேன்.

புதுப் போன் வாங்கிய மறுநாள் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல கெடக்கு..."

அந்தப் பெண் குரல் குறுக்கே வந்தது. அது முடிந்ததும் அண்ணன் ஒருமுறை கனைத்தார். பிறகு, "சரிப்பா. பெறகு பேசுவோம்" என்றார்.

அப்பாவின் தோப்பை நாங்கள் பிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. ஆனால் அண்ணனின் தொழிலில் பதிவது சகஜம். பதிகிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதுதான் பகை. உன்னை நம்பவில்லை, வழக்குக்குத் தயாராகிறேன் என்று அதற்கு அர்த்தம். ஓசையில்லாமல் பதிந்திருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

உடனே கூப்பிட்டு விளக்கினேன். பதிவை நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னேன். "அதுக்கென்னப்பா, ஒன் தொழிலுக்கு வேணும்ல" என்றார். அதற்குப் பிறகும் அழைப்புகள் வந்தன. சௌக்கியமா, சௌக்கியம், வச்சுர்றேன். ஒரு நிமிடத்தைத் தாண்டாது.

ஒருநாள் மதினி போனைப் பிடுங்கிக்கொண்டார். "என்ன கொழுந்தனாரே, ஒங்க நம்பரப் பாத்தாலே ஒங்கண்ணன் கூண்டுல ஏறுனவுக மாதிரி வெறச்சு நிக்கிறாக. என்னத்தப் பண்ணி வச்சீக?"

பின்னாலிருந்து அண்ணன், "ஏ, பேசாம குடு" என்றார்.

"பாத்தீகளா? எனக்கும் வாய்தா போட்டாக!"

அண்ணன் பாதியில் நிறுத்திய அந்த முதல் அழைப்பின் பதிவு என்னிடம் இருந்தது. பலமுறை கேட்டேன். அறிவிப்புக்குப் பிறகுதான் பதிவு தொடங்குகிறது என்பதால் 'ஒண்ணு சொல்லணும்' அதில் இல்லை. மிஞ்சியது ஒன்பது வினாடி. ஒரு கனைப்பு, தூரத்தில் பஸ் ஹாரன், சரிப்பா, பெறகு பேசுவோம். பாதியில் நின்ற வாக்கியத்தை வைத்து எதையும் எழுதக்கூடாது என்று புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அதை முடித்து முடித்துப் பார்த்தேன். உடம்புக்கு ஏதாவதா? தோப்பில் எனக்குத் தண்ணீர்ப் பக்கம் வந்ததில் வருத்தமா? ஒவ்வொன்றையும் அவர் குரலிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எதுவும் பொருந்தவில்லை.

மறுபடி கடைக்குப் போனேன். "பதியவே தெரியாத போன் ஏதாச்சும் இருக்கா?"

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "எல்லாரும் பதியிறதுக்கு வர்றாக. நீங்க பதியாம இருக்க வர்றீக." உள்ளேயிருந்து யாரோ மாற்றிவிட்டுப் போன பழைய ஐபோன் ஒன்றை எடுத்துவந்தார். "புதுசுல அவுகளும் பதிவு கொண்டாந்துட்டாக. இந்தப் பழசுக்கு அது வராது. வாயும் கெடையாது, ஞாபகமும் கெடையாது."

அதையே வாங்கினேன். ஐபோனைப் பார்த்து, அலுவலகத்தில் எனக்குக் காசு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேட்டிகளுக்குப் பழையபடி நோட்டும் பேனாவும் எடுத்தேன். விரல்கள் பல நாள் இல்லாத பட்டனைத் தேடின.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போய், அண்ணன் கடையில் போனைக் கல்லாப் பெட்டிமேல் வைத்தேன். எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஐபோனா? இதுல பதியாதுல்ல?"

"பதியாதுண்ணே."

"ஒன் வேலைக்கு என்ன பண்ணுவ?"

"எழுதிக்கிறேன்."

வேட்டி முனையால் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கடையில் வேறு ஆளில்லை. கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தீகளே?"

மாதிரிக்கு வந்திருந்த ஏலக்காயில் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். விதையின் நிறத்தைப் பார்த்தார்.

"ஆமா. அன்னைக்குப் பாரமா இருந்துச்சு. பெறகு ஒம் மதினிகிட்டச் சொல்லிட்டேன். எறங்கிருச்சு."

"என்னன்னு..."

"ஒருக்காச் சொன்னாப் போதும்ப்பா. விடு."

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில்தான் மதினி இருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. எனக்கென்று வந்த பேச்சு அது. இன்னொருவர் வாயிலிருந்து வாங்கினால் அது தகவல். தகவல் சேகரிப்பது என் தொழில், அதை அந்த வீட்டில் செய்ய மனம் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்த வாரமும் அழைப்புகள் குட்டையாகவே இருந்தன. பிறகு ஒரு சாயங்காலம் எடுத்ததுமே, "தம்பி, இங்கன மழ பிடிச்சிருச்சு. ஒங்க பக்கம் உண்டா?" என்றார்.

"இல்லண்ணே. வெக்க தாங்கல."

"இந்தா, கேளு."

போனைக் கடைக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். தகரத்தில் மழை விழுந்தது. யாரோ சாக்கை இழுத்து உள்ளே போடச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு சைக்கிள் மணி. நான் செய்தியறையிலிருந்து எழுந்து படிக்கட்டுக்கு வந்து, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"கேட்டுச்சா?"

"சரியாக் கேக்கலண்ணே. இன்னுங் கொஞ்ச நேரம் பிடிங்க."