ராட்டினம் சுற்றுவதற்கு முன்பே விழுந்த கையெழுத்து

போன ஆடி மாதம், அமாவாசைக்கு முந்தின நாள் மாலை. செஞ்சியில் திருவண்ணாமலைச் சாலையை ஒட்டிய திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். மறுநாள் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் வரும். நடுவில் பெரிய ராட்டினம். அதைக் கண்டதும் என் பேத்தி அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். என் மருமகளும் அவளும் முதல் ஆட்களாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று கையாட்டினேன்.

நான் ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். எண்ணி முடித்தால் ஏதாவது குறைகிறதோ என்று கவலைப்படுவேன். இதற்காக வீட்டில் நான் வாங்கும் கேலிக்கு அளவில்லை. அன்றும் எண்ணினேன். பதினாறு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஓர் இரும்புத் தண்டில் தொங்குகிறது. தண்டின் இரு முனைகளிலும் நட்டு. நட்டு சுழன்று கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே ஒரு பின் குத்தியிருக்க வேண்டும். ஆக, முப்பத்திரண்டு பின்கள்.

ஆட்களை ஏற்றுவதற்காக ஒவ்வொரு பெட்டியாகக் கீழே வந்து நின்றது. மூன்றாவது பெட்டியில் பின் இல்லை. அதற்குப் பதிலாக, கட்டட வேலையில் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். சரி, ஒன்றுதானே என்று பார்த்தால் அடுத்ததிலும் கம்பி. அதற்கடுத்ததில் கம்பியும் இல்லை, வெறும் துளை! பின் இல்லாத இடங்களைப் பதினொன்று வரை எண்ணியிருப்பேன். அதற்குள் எல்லாப் பெட்டியும் நிரம்பி, பாட்டு அலற, ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் பேத்தி மேலேயிருந்து, “தாத்தா!” என்று கத்தினாள்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. அன்று அது எங்கே போனதோ தெரியவில்லை. வேலியைத் தாண்டி ராட்டினத்தின் ஓட்டுநரிடம் ஓடினேன்.

“தம்பி, மெதுவா நிறுத்து. பின்னு இல்ல, நட்டு கழண்டுக்கும்.”

“யோவ் பெருசு, தலை சுத்துதா? அந்தாண்ட போய் குந்து. ஊர் ஊரா ஓட்டுறோம், ஒன்னியும் ஆவல.”

“மேல இருக்கறது எம் பேத்திடா!”

அவன் என் முகத்தைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். நின்றதும் வரிசையாக ஆட்களை இறக்கப் போனான். அதுவும் ஆபத்து! ஒரு பக்கம் காலியாகி மறுபக்கம் ஆட்கள் இருந்தால், கனமான பக்கம் தானாகவே கீழே இழுத்துக்கொண்டு சுற்றும். “ஒரு பெட்டி இறக்கினா, அடுத்தது அதுக்கு நேர் எதிர்ல இருக்கறத இறக்கு” என்றேன். அப்படியே செய்தான். ஆனால் அந்த முறைப்படி என் பேத்தியின் பெட்டி இறங்க வெகுநேரம் ஆனது. நானே சொன்ன முறை. அவளை முதலில் இறக்கு என்று சொல்ல வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பெட்டி கீழே வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவளோ இறங்கியதும், “அம்மா, இன்னொரு ரவுண்டு!” என்றாள்.

ராட்டினம் ஓட்ட வேண்டுமென்றால், அதை முழுதாகப் பூட்டி எழுப்பிய பிறகு ஒரு பொறியாளர் நேரில் பார்த்து, பாதுகாப்பானது என்று கையெழுத்திட வேண்டும். யார் போட்டது என்று கேட்டேன். ஓட்டுநர் சொன்னது என் நண்பனின் பெயர். என்னோடு படித்தவன், என்னோடு வேலை பார்த்தவன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குப் பதிலாக விழித்திருந்தவன். உடனே போன் போட்டேன்.

“எப்படா பாத்த இத?”

“சாமான் இறங்கினப்பவே பாத்துட்டேன்யா. எல்லாம் நல்ல இரும்பு.”

லாரியிலிருந்து இறங்கிய துண்டுகளைப் பார்த்துவிட்டு, முழு ராட்டினத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்!

திட்டியதும் பைக்கில் பறந்து வந்தான். தானே கீழே நின்று, ஒவ்வொரு நட்டிலும் புது பின் போடவைத்தான். முப்பத்திரண்டையும் நான் எண்ணிச் சரிபார்த்தேன். “இப்ப திருப்தியா? இத்தோட வுட்ரு. வெளிய மூச்சு வுடாத” என்றான். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. பின்தான் வந்துவிட்டதே.

அப்போது ஓட்டுநர் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “கவலப்படாதீங்க சார், அடுத்த ஊருக்கும் சாரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு” என்றான்.

ராட்டினம் இன்னும் செஞ்சியில் நிற்கிறது. அடுத்த ஊரில் அதன் கால்களை ஊன்றப் பள்ளம்கூடத் தோண்டவில்லை. ஆனால் அங்கே அது பாதுகாப்பானது என்று என் நண்பன் எழுதிக் கொடுத்துவிட்டான்!

அவனைத் தனியே கூப்பிட்டேன். “காலையில தாலுக்கா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிடு. உனக்கு நல்லது.”

“கூட இருந்தே குழி தோண்டுறியா? இத்தினி வருஷமா எந்த ஆக்சிடென்டும் இல்லியே!”

“நடக்கலன்றது நீ பாத்ததால இல்லடா.”

“எண்ணிக்கினே சாவு” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

வீட்டில் மருமகள், “அதான் எல்லாம் சரியாப் போச்சே மாமா, அவரு நம்ம வூட்டு ஆளாச்சே” என்றாள். காலையில் அவனே வந்து சொல்லிவிடுவான் என்று பத்து மணிவரை தாலுக்கா அலுவலக வாசலில் காத்திருந்தேன். வரவில்லை. என் பேர், முகவரி எல்லாம் போட்டுப் புகாரைக் கொடுத்தேன். அன்று மதியமே அதிகாரிகள் வந்து ராட்டினத்தை நிறுத்தி முழுசாகப் பார்த்தார்கள். வேறு குறை எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் அடுத்த ஊருக்கான சான்று ரத்தானது; அவன் இனி சான்று தரக் கூடாது என்றும் ஆனது. மாலையில் மேல்மலையனூர்க் கூட்டம் வந்தபோது ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது, வேறொரு பொறியாளர் பக்கத்திலேயே நின்று பார்த்த பிறகு.

அவன் என்னோடு பேசுவதில்லை. பஸ் நிலையத்தில் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறான். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும், முகம் தெரியாத ஒரு பிள்ளை பயமில்லாமல் கையாட்டிக்கொண்டே அவ்வளவு உயரத்துக்குப் போகிறது என்றால், பொறியாளர்களான எங்களில் ஒருவன் நேரில் வந்து பார்த்திருப்பான் என்று அதன் அம்மா நம்புகிறாள். அந்த நம்பிக்கையை என் நட்புக்காக விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் கற்றுக்கொண்டேன்.